கெபிக் குளத்து மீன்கள்

எங்கள் பள்ளியின் பெரிய வாயிலைக் கடந்து, வேப்ப மரங்களின் நிழலில் சற்றுத் தூரம் நடந்தால் லூர்து மாதா கெபி வரும். கெபிக்கு முன்னால் ஒரு சிறு குளம். நீளம் 20 அடி, அகலம் 12 அடி, ஆழம் 3 அடி. இந்த அளவுகளை நாங்கள் இவ்வளவு திட்டமாக அறிந்தது எப்படி என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். காலைச் செபத்திற்கு வரும்போதும், மதிய உணவு முடிந்து கை கழுவிய பின்னும், இந்தக் குளத்துப் படியில் நின்று பார்க்காத மாணவி எங்கள் பள்ளியில் இருக்க மாட்டாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அம்மாவைப் பிரிந்து அழுத எங்களை எல்லாம், இந்த மீன்களைக் காட்டித்தான் டீச்சர்மார் தேற்றினார்கள்.

குளத்தில் இரண்டு இன மீன்கள் உண்டு. ஒன்று பொன்மீன். பழைய மாணவியர் அன்பளிப்பாக வாங்கி விட்டவை. மற்றொன்று ஜிலேபி. கொசுப் புழுக்களைத் தின்னட்டும் என்று தோட்டக்காரத் தாத்தா ஒரு வாளியில் கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த இடத்தில் நன்றாக வேரூன்றிக்கொண்டு, இன்று ஊர்க் குளங்களில் எல்லாம் பெருகி நிற்கிறது.

சென்ற ஆண்டுத் தவக்காலம் அது. நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொருவரும் இந்த நாற்பது நாளும் ஏதேனும் ஓர் ஒறுத்தல் செய்ய வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் சகோதரி கூறினார். இனிப்பு வேண்டாம் என்றாள் ஒருத்தி. தொலைக்காட்சி வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. வகுப்பாகச் சேர்ந்து ஒன்று செய்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. மதிய உணவில் ஒரு பங்கை உண்ணாமல் விடுவது என்று முடிவு செய்தோம். இந்து, முஸ்லிம் தோழியரும் மனமுவந்து சேர்ந்துகொள்ள, நாற்பது பேரும் ஒன்றானோம். விட்ட சோற்றை என்ன செய்வது? எறிந்தால் பாவம். "மாதாவின் மீன்களுக்குப் போடுவோம்" என்று ஒரு குரல் எழுந்தது. எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று.

சாம்பல் புதன் அன்றே தொடங்கினோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, இட்லித் துண்டு, சப்பாத்தி என்று நாள்தோறும் நாற்பது பிடி உணவு குளத்தில் விழுந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது, அவை எங்களுக்கு நன்றி சொல்வதாக எண்ணி மகிழ்ந்தோம்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை. ஒரு பொன்மீனின் வால்துடுப்பில் சிவப்பு மையால் கோடு இழுத்ததுபோல் மெல்லிய கீற்றுகள் தெரிந்தன. இன்னொன்றின் மார்பருகே சிவந்த புள்ளிகள். "ஏய், பாருங்கடி! ஆண்டவருடைய காயம்போல இருக்கிறது!" என்று ஒருத்தி வியந்தாள். அவ்வளவுதான். மாதா கெபியில் புதுமை நடந்துவிட்டது என்ற செய்தி முதல் மணி அடிப்பதற்குள் பள்ளி முழுவதும் பரவியது. ஆறாம் வகுப்புச் சிறுமிகள் படியில் முழங்காலிட்டுச் செபமாலை சொன்னார்கள். யாரோ தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து நீரில் இட்டாள்.

எங்கள் அறிவியல் சகோதரி வந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "புதுமை இல்லை, பிள்ளைகளே. இந்த மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன" என்றார்.

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியது உணவுக்காக அன்று, காற்றுக்காக. மூன்று வாரமாக அதைத்தான் நன்றி என்று எண்ணியிருந்தோம். புதன்கிழமை நான்கு மீன்கள் மல்லாந்து மிதந்தன. சனிக்கிழமைக்குள் 11 இறந்தன. இருந்த 19 பொன்மீன்களில் மிஞ்சியவை எட்டே எட்டு. தாத்தா ஒன்றும் பேசாமல் வேப்ப மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். எங்களில் அழாதவர் இல்லை.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் எங்கள் பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவர் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். சகோதரி அவரை அழைத்து வந்தார்கள். அக்கா இறந்த மீன் ஒன்றின் செவுள் மூடியை விரலால் தூக்கிக் காட்டினார். "செவுள் செம்பருத்திப் பூப்போல இருக்க வேண்டும். இது எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். அது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஒரு சிறு குப்பியில் குளத்து நீரை எடுத்து அதில் மருந்துச் சொட்டு விட்டார். நீர் ஆழ்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "குளத்தில் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். கடைசியில் எங்கள் வகுப்புத் தலைவிதான் விம்மலுக்கு இடையே உண்மையைச் சொன்னாள்.

அக்கா கோபிக்கவில்லை. கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். மீன் தின்றது போக எஞ்சிய சோறு அடியில் அழுகுகிறது. அழுகலிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் தோலையும் செவுளையும் எரிக்கிறது. வலுவிழந்த உடலில் பாக்டீரியாக்கள் எளிதில் புகுகின்றன. துடுப்பில் கண்ட சிவப்புக் கீற்று, இவற்றால் இரத்த நாளங்கள் விம்மிக் கசிந்ததன் அடையாளம். நீரில் உள்ள வேறு சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு செவுள் வழியே இரத்தத்தில் கலந்தால், ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகிவிடுகிறது. அதுதான் அந்தக் காப்பி நிறம். அதோடு, வெயில் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். அழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் இருக்கும் சொற்பக் காற்றையும் பறித்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

மருந்து என்ன? முதலில், ஒரு வாரம் தீனியே கூடாது. அடுத்து, அடியில் தங்கிய அழுகலை அள்ளிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால் கிணற்று நீரே இறைத்தோம். மூன்றாவது, உப்பு. சமையல் உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுளுக்குள் நுழையாமல் தடுக்குமாம். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போதும் என்றார் அக்கா. குளத்தில் எத்தனை லிட்டர் நீர்? கயிற்றைப் பிடித்து அளந்தோம். 20 × 12 × 3 = 720 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர். ஆக, இருபதாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். தேவையான உப்பு 20 கிலோ. நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரைக் கிலோ! கணக்கு அவ்வளவு பொருத்தமாக விழுந்ததில் எங்களுக்கே வியப்பு. மறுநாள் ஒவ்வொருத்தியும் புத்தகப் பையோடு அரைக் கிலோ உப்பும் சுமந்து வந்தோம். சிறிது சிறிதாகக் கரைத்து இரண்டு நாளில் விட்டோம்.

அன்று மாலை தலைமைச் சகோதரி எங்கள் வகுப்புக்கு வந்தார். பெரிய கண்டனம் காத்திருக்கிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். அவரோ மெதுவாக, "உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் நீங்கள் விட்ட சோறு பசியில்லாத வயிற்றுக்குப் போயிற்று. பசித்த வயிறு எங்கே இருக்கிறது என்று தேடாமல் செய்யும் ஒறுத்தல், நம் மனத்தை மட்டுமே நிறைக்கும்" என்றார். மறுநாள் வகுப்பு வாசலில் ஒரு தகர டின் வைத்தோம். தவக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் வீட்டில் உலையிடும் முன் எடுத்த பிடியரிசி அதில் சேர்ந்தது. புனித வாரத்தில் அதை முதியோர் இல்லத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மிஞ்சிய எட்டு மீன்களின் சிவப்பு மெல்ல மறைந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் வேறொன்று கண்டோம். சிவந்திருந்த இடங்களிலும் துடுப்பு ஓரங்களிலும் கரி பூசியதுபோல் கறுப்புத் திட்டுகள்! மறுபடியும் நோயா? பதறிப்போய் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் சிரித்தார். "பயப்படாதீர்கள். அது புண் அல்ல, புண் ஆறும் நிறம். அம்மோனியா எரித்த இடத்தில் கறுப்பு நிறமி வந்து கூடும். நாளடைவில் மறையும்" என்றார். அப்படியே ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வருகிறது என்று நாங்கள் அஞ்சிய துன்பம், உண்மையில் போய்க்கொண்டிருந்த துன்பம்.

இதன்பின் மீனுக்கு நிறம் எவ்வாறு அமைகிறது என்பதை அறியும் ஆவல் எங்களைப் பற்றிக்கொண்டது. மீனின் தோலில் நிறமிச் செல்கள் பல வகை உண்டு. மெலனின் உள்ளவை கறுப்பு. வேறு சில மஞ்சளும் சிவப்பும் தருபவை. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள் ஒளியைத் திருப்பி வெள்ளிப் பளபளப்பைத் தருகின்றன. பொன்மீனின் செம்பொன் நிறத்திற்கு வேண்டிய கரோட்டினாய்டுகளை மீன் தானாகச் செய்துகொள்ள முடியாது. பாசியிலிருந்தும் சிறு நீர்ப்பூச்சிகளிலிருந்தும்தான் பெற வேண்டும். வெறும் சோறு தின்ற மீன் வெளிறிப்போவதில் வியப்பென்ன! கறுப்புச் செல்லுக்குள் மெலனின் துகள்கள் பரவினால் மீன் கருக்கும். நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்த விடுதித் தோழியர், மீன்கள் பகலைவிட வெளிறித் தெரிவதாக வந்து சொன்னார்கள்.

இனி, எங்கள் கறுப்பு ஜிலேபியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மற்ற ஜிலேபிகள் எல்லாம் சாம்பல் கலந்த பச்சையாக இருக்க, ஒன்று மட்டும் வெகு நாளாகவே கரிக்கட்டையாக இருந்தது. கூட்டத்தில் சேராது. தீனி போட்டால் கடைசியாக வரும். நாங்கள் அதற்குப் 'பேய்' என்று பெயர் வைத்திருந்தோம். பொன்மீன்கள் இறந்ததற்கு அதுதான் காரணம், அதைப் பிடித்து வெளியே எறிய வேண்டும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

எங்கள் வகுப்பில் நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைக்கப்பட்ட தோழி ஒருத்தி உண்டு. வைத்தவர்களும் நாங்களே. அவள்தான் அந்த மீனை எறியக் கூடாது என்று தடுத்தாள். அதன் காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்றாள்.

முதலில், அது இனப்பெருக்கக் காலத்து ஆணாக இருக்கலாம் என்று எண்ணினோம். ஆண் ஜிலேபி அக்காலத்தில் கறுத்துவிடும். குளத்தின் அடியில் குழி பறித்துக் காவல் காக்கும். ஆனால் அப்போது அதன் தொண்டை வெண்மையாக இருக்கும், துடுப்பின் ஓரம் சிவந்திருக்கும். எங்கள் மீனுக்கு இவை இரண்டும் இல்லை. குழியும் இல்லை. ஒரு வாரம் படியில் உட்கார்ந்து பார்த்த அந்தத் தோழி வேறொன்றைக் கவனித்தாள். எங்கள் நிழல் விழுந்தால் மற்ற மீன்கள் சிதறி ஓடும், இது ஓடாது. வலையில் அள்ளிப் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் பால் படிந்ததுபோல் வெண்மை.

விடுதியிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் தொட்டி வாங்கி, குளத்து நீரை நிரப்பி, இதையும் இன்னொரு ஜிலேபியையும் விட்டோம். ஒரு பாடவேளை கழித்துப் பார்த்தால், மற்ற மீன் வெளுத்துப் போயிருந்தது. இது கரியாகவே இருந்தது. மீனின் கண், மேலிருந்து வரும் ஒளியையும் அடித்தரையிலிருந்து திரும்பும் ஒளியையும் ஒப்பிட்டு மூளைக்குச் சொல்லும். மூளை அதற்கேற்ப உடலை வெளுக்கவோ கருக்கவோ செய்யும். பார்வை போன மீனுக்கு அடித்தரையின் வெளிச்சம் தெரிவதே இல்லை. ஆகவே, தான் எப்போதும் இருண்ட தரையின்மேல் இருப்பதாகவே உடல் எண்ணிக்கொள்கிறது. நாங்கள் பேய் என்று அழைத்தது ஒரு குருட்டு மீனை.

கண் போனதற்கு நத்தையின் மூலம் பரவும் ஒருவகைப் புழுவோ, நுண்ணுயிரோ, பறவையின் அலகோ காரணமாகலாம் என்றும், எதுவாயினும் அந்தக் கண் மீளாது என்றும் அக்கா சொன்னார். கூடவே ஒரு விஞ்ஞானியைப் பற்றியும் சொன்னார். ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் வான் பிரிஷ் என்பவர் 1911இல் மின்னோ என்னும் சிறு மீன்களை ஆராய்ந்தார். பார்வையற்ற மின்னோவின் தலையுச்சியில் ஒளி பட்டால் உடல் கருப்பதையும், ஒளியை மறைத்தால் வெளுப்பதையும் கண்டார். மீனுக்குக் காது கேளாது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், பார்வையற்ற கெளுத்தி ஒன்றைச் சீழ்க்கை ஒலிக்கு வருமாறு பழக்கி, 1923இல் அதை எழுதினார். தேனீக்களின் நடனத்தை உலகுக்கு விளக்கியவரும் இவரே. 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

கேட்டதும் நாங்களும் பழக்கத் தொடங்கினோம். வடக்குப் படியில் கூழாங்கல்லால் மூன்று முறை தட்டிவிட்டு, அதே இடத்தில் சிறிது தீனி போடுவோம். பத்துப் பன்னிரண்டு நாளில், தட்டிய மாத்திரத்தில் அந்தக் கறுப்பு மீன் இருட்டிலிருந்து எழுவதுபோல் மெல்ல மேலே வந்தது. அன்று எங்களில் சிலர் மறுபடியும் அழுதோம்.

அதன்பின் அந்தத் தோழியின் பட்டப்பெயரை எங்கள் வகுப்பில் யாரும் உச்சரித்ததில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டோமா என்றால், கேட்டோம். அவள் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "மணி அடிக்கப் போகிறது. முதலில் மீனுக்குத் தீனி போடுங்கள்" என்றாள்.

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு மாணவியராகத் திரும்பி வந்தபோது, அல்லி இலைகளின் அடியில் கண்டறியாத சின்னஞ்சிறு மீன்கள் திரிந்தன. மங்கிய பழுப்பு நிறம். ஜிலேபிக் குஞ்சுகளோ என்று ஐயுற்றோம். தாத்தா தலையசைத்தார். அவை பொன்மீன் குஞ்சுகள்! பொன்மீன் பிறக்கும்போது பொன்னாக இருப்பதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் சீன நாட்டில் இம்மீனை வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் காட்டு மூதாதை மங்கிய நிறமுள்ள ஒருவகைக் கெண்டை. குஞ்சுகள் இன்றும் அந்த மூதாதையின் நிறத்தோடு பிறந்து, வளர வளரக் கறுப்பு நிறமி மறைந்து பொன்னிறம் பெறுகின்றன. காலாண்டுத் தேர்வு நேரத்தில் முதல் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் அரும்பியது. அரையாண்டுத் தேர்வுக்குள் ஒன்பது குஞ்சுகள் பொன்னாயின. இரண்டு இன்னும் பழுப்பாகவே இருக்கின்றன. சில குஞ்சுகள் வாழ்நாள் முழுவதும் மாறாமலே இருந்துவிடுமாம். இருக்கட்டும், அவையும் எங்கள் குளத்துப் பிள்ளைகளே.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். மீனின் அகம் தோலில் தெரிகிறது. ஆனால் தெரிவதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரே கறுப்பு, ஒரு மீனில் புண் ஆறுவதைச் சொல்கிறது. இன்னொன்றில் கண் போனதைச் சொல்கிறது. வேறொன்றில் கூடு கட்டும் பருவத்தைச் சொல்கிறது. குஞ்சிலோ, இனிமேல்தான் பொன்னாகப் போகிறேன் என்கிறது. நாங்கள் புதுமை என்று முழங்காலிட்ட சிவப்பு எங்கள் பிழையின் நிறம். பேய் என்று ஒதுக்கிய கறுப்பு ஒரு துன்பத்தின் நிறம். இரண்டையும் தவறாகவே படித்தோம். இனியாவது, நிறத்தைக் கண்டதும் பெயர் வைக்காமல், காரணத்தைக் கேட்கப் பழகுவோம் என்று எங்களுக்குள் உறுதி செய்துகொண்டோம்.

இவ்வாண்டோடு நாங்கள் இந்த வகுப்பறையை விட்டுப் போகிறோம். அடுத்து வரும் தங்கையருக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கெபியருகே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறோம். எந்த மீன் எந்த நாளில் என்ன நிறம், செவுள் எப்படி, நீர் எப்படி என்று அதில் குறித்து வாருங்கள். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போடுங்கள். மிச்சச் சோற்றைக் குளத்தில் கொட்டாதீர்கள். வடக்குப் படியில் ஒரு கூழாங்கல் இருக்கும். மூன்று முறை தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அது மெதுவாகத்தான் வரும்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு